சட்டைப்பைக்குள் அடங்காத துவக்கு

அந்தக் கீழறையில் ஐந்து பேர் நின்றோம். துவக்கு ஒழுங்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வந்த பொலிஸ்காரர் இருவர், வீட்டுக்காரி வசந்தி மாமி, அவருடைய தங்கை சுமதி, பிறகு நான். நிற்க வேண்டிய ஒருவர் அங்கே இல்லை. அந்தக் கைத்துப்பாக்கியின் சொந்தக்காரரான தேவராசா மாமாதான் அவர். அனுமதிப்பத்திரம் அவருடைய பெயரில் இருந்தது. துவக்கு இருந்த இரும்பு அலுமாரியைத் திறக்கும் இலக்கம் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டியது. அவர் ஓட்டிவந்த பஸ், பனியில் சறுக்கித் தெருவுக்குக் குறுக்கே நின்றுவிட்ட ஒரு லொறிக்குப் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் வந்து சேரும்வரை நாங்கள் மேலே குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

நடந்ததை எழுத என்னைத் தூண்டியவன், நான் விட்டுவந்த கடையில் இப்போது என் இடத்தில் நிற்கும் தம்பி. "அண்ணா, எங்கடை ஆக்கள் வந்து, பொக்கற்றுக்குள்ளை வைக்கிற மாதிரிச் சின்னதொண்டு காட்டு எண்டு கேக்கினம். நீங்கள் என்ன சொல்லுறனீங்கள்?" என்று செய்தி அனுப்பியிருந்தான். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. முப்பத்து நான்கு வயதில் ஒருவன் ஓய்வுபெற்றவன்போல அனுபவம் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தத் தொழிலைப் பொறுத்தவரை நான் ஓய்வுபெற்றவன்தான். இனி ஒரு துவக்கைக் கையில் எடுத்து இன்னொருவரிடம் நீட்ட என்னால் ஆகாது.

என் அப்பாவும் அம்மாவும் நோர்வேயின் வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டியவர்கள். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தபோது, ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் இருந்த ஒரு துவக்குக் கடையில், திருத்தும் மேசையில் பகுதிநேர வேலை கிடைத்தது. படிப்பு முடிந்தபின்னும் அங்கேயே நின்றுவிட்டேன். அரம், எண்ணெய், நுண்ணிய விற்சுருள்கள், ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் பொருந்தும் இரும்புத் துண்டுகள், இவற்றில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. அப்பாவுக்கு அது விளங்கவில்லை. "துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தனாங்கள். நீ பட்டம் எடுத்துப்போட்டு அதையே விக்கிறாய்" என்றார் ஒருநாள். பிறகு அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஊர்ச்சனம் கேட்டால், மகன் விளையாட்டுச் சாமான் கடையில் நிற்கிறான் என்று சொல்லிவிடுவார்.

கடைக்காரர் எகில் அறுபது கடந்தவர், பெரிய கைகளும் மெல்லிய குரலும் உடையவர். அவர் ஒரு துவக்கைக் காட்டும் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் கண்ணாடி மேசையில் பச்சைக் கம்பளித் துணியை விரிப்பார். துவக்கை எடுத்து, குண்டு போடும் ரவைக்கூட்டைக் கழற்றித் துணியில் வைப்பார். மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டுவார். உள்ளே கண்ணால் பார்ப்பார். பார்த்தது போதாதென்று சின்னி விரலை விட்டுத் தடவுவார். பிறகு வாங்க வந்தவரின் பக்கம் திருப்பி, "வெறுமை. நீங்களும் பாருங்கள்" என்பார். அவர் பார்த்து, ஆம் என்று வாயால் சொன்ன பிறகுதான் பிடியை முன்னால் நீட்டிக் கொடுப்பார். ஒரே துவக்கை ஒரே ஆளுக்கு மூன்று முறை காட்டினாலும் மூன்று முறையும் சின்னி விரல் உள்ளே போகும்.

துணியை விரிக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார். "எதைச் சுடப் போகிறீர்கள்?"

வேட்டைக்காரர்கள் மிருகத்தின் பெயர் சொல்வார்கள். கைத்துவக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அவர் எதிர்பார்க்கும் பதில் ஒன்றுதான்: காகிதத்தை. இந்த நாட்டில் கைத்துவக்கு குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரருக்குக் கிடைக்கும். தற்காப்பு என்று எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அதை மடியில் கட்டிக்கொண்டு தெருவில் திரிய ஒருவருக்கும் அனுமதி இல்லை. பதில் வேறாக வந்தால் எகில் இல்லை என்று சொல்ல மாட்டார், சட்டமும் பேச மாட்டார். துணியை மடித்து வைத்துவிட்டு, வந்தவருக்கு ஒரு கோப்பை கோப்பி ஊற்றிக் கொடுப்பார். கோப்பி வந்தால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம்.

ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே மென்பொருள் வேலை செய்யும் ஒருவர் வந்தார். நான் தமிழன் என்று கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ப்ரோ, தமிழா? சூப்பர். எனக்கு ஒரு காம்பாக்ட் பீஸ் வேணும். டெய்லி ஜாக்கெட் உள்ள வெச்சுக்கற மாதிரி. வீடியோ எல்லாம் பாத்து மூணு மாடல் ஷார்ட்லிஸ்ட் பண்ணி வெச்சிருக்கேன்."

"இஞ்சை அப்பிடி வைச்சுக்கொண்டு திரியேலாது அண்ணா."

"திரியேலாதுன்னா? முடியாதுங்களா?"

"ஓம், ஏலாது."

அவர் நம்பவில்லை, எகிலிடமே போனார். எகில் கேள்வியைக் கேட்டார். "என்னைத் தாக்க வருபவனை" என்று இவர் ஆங்கிலத்தில் சொன்னார். கோப்பி வந்தது. ரசித்துக் குடித்துவிட்டு, "உங்க தமிழ் கேக்க நல்லாருக்கு ப்ரோ, பாதிதான் புரியுது" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் இணையத்தில் எங்கள் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, காப்பி அருமை என்று எழுதியிருந்தார். இப்படி வந்து போனவர்கள் பலர். சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய ஆட்கள்.

தேவராசா மாமா அப்படி வரவில்லை. அவர் என் அப்பாவோடு பாட்ஸ்பியோர்ட்டில் ஒரே அறையில் இருந்தவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டினார். நகரின் ஓரத்தில் உள்ள ஹவுகெட்டோவில், ரயில் நிலையத்துக்கு மேலே சரிவில், சிறிய தொடர்வீடு ஒன்று வாங்கியிருந்தார். பிள்ளைகள் இல்லை. சாரதிச் சீருடையோடேயே கடைக்குள் வந்தார். வசந்தி மாமி அவருக்குப் பின்னால் வந்து, கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்.

"தம்பி, எனக்குச் சின்னதொண்டு வேணும். காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை கிடக்கிற அளவிலை."

காரணம் எனக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் கோவில் தேரன்று எங்கள் சனம் முழுக்கத் தேரடியில் நிற்க, வீடுகள் பூட்டிக் கிடக்கும் என்று கணக்குப் போட்டு இரண்டு பேர் பின்கதவை உடைத்து அவர்கள் வீட்டுக்குள் இறங்கினார்கள். காய்ச்சலோடு மாமி உள்ளே படுத்திருந்தார். அவர்கள் அவரை அடிக்கவில்லை. கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைக் காட்டிக் கை நீட்டினார்கள். அவரே கழற்றிக் கொடுத்தார்.

"போகேக்கை ஒருத்தன் 'தக்' எண்டு நன்றி சொன்னவன், தம்பி" என்றார் மாமி கடையில் நின்றபடி. "கடையிலை மிச்சக் காசு வாங்கினவன் மாதிரி. அந்தக் குரல்தான் காதுக்குள்ளையே நிக்குது."

அன்றிலிருந்து மாமியால் அந்த வீட்டில் தனியே இருக்க முடியவில்லை. மாமா பின்னேர வேலைக்குப் போனால் மாமியும் கூடப் போவார். அவர் ஓட்டும் பஸ்ஸில், அவருக்குப் பின்னால் முதல் ஆசனத்தில், சுடுதண்ணிப் போத்தலோடு உட்கார்ந்து, பஸ் போகும் இடமெல்லாம் போய்த் திரும்பி வருவார். வேலை முடியும்வரை அப்படித்தான். "சனம் என்னை ரிக்கற் பாக்கிற ஆள் எண்டு நினைச்சுப் பயப்பிடுது" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மாமாவுக்கு வேண்டியது ஒன்றுதான். மாமி மறுபடி தன் வீட்டில் தனியே இருக்க வேண்டும், அங்கே கண்ணை மூடித் தூங்க வேண்டும்.

எகில் வந்து கேள்வியைக் கேட்டார். மாமா பொய் சொல்லத் தெரியாதவர். மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள் வருபவனை" என்றார். எகில் துணியை மடித்தார். இரண்டு கோப்பை ஊற்றி, மாமிக்கும் ஒன்று கொடுத்தார். மாமா வெளியே வந்து, "நல்ல மனுசன். கோப்பியெல்லாம் தந்தவர். எப்ப வந்து எடுக்கிறது?" என்று கேட்டார்.

"கோப்பி தந்தால் இல்லை எண்டுதான் மாமா."

தெருவில் நின்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். குறிபார்த்துச் சுடும் கிளப்பில் சேர வேண்டும், பாடம் படித்துச் சோதனை எழுத வேண்டும், மாதக்கணக்கில் ஒழுங்காகப் போய்ச் சுட வேண்டும். அதன் பிறகே விண்ணப்பம். கிடைத்தாலும் பொக்கற்றுக்குள் அடங்குவது கிடைக்காது, எந்தப் போட்டியிலும் அதற்கு இடமில்லை. கிடைப்பதும் வீட்டில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்க வேண்டும்.

"கள்ளன் வந்தால், கொஞ்சம் நில் ராசா, பூட்டைத் திறக்கிறன் எண்டு சொல்லோணுமோ?"

"ஓம் மாமா. அதுக்குத்தான் சொல்லுறன், உங்களுக்கு இது சரிவராது."

மாமா பிறகு சொன்னார்: "எனக்கு ஒருத்தனையும் சுட வேண்டாம் தம்பி. வீட்டிலை ஒண்டு கிடக்குது எண்டு அவளுக்குத் தெரிஞ்சால் போதும்."

அவர் கிளப்பில் சேர்ந்தார். மாமியைத் தனியே விட முடியாததால் அவரையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பாடசாலைக் கட்டிடத்தின் நிலவறையில் அந்தச் சுடுதளம் இருந்தது. நானும் அங்கே உறுப்பினன். முதல் மாலையில் மாமி பின்வரிசை நாற்காலியில், காதுகளுக்கு அந்தப் பெரிய செவிமூடியை மாட்டிக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வெடிச்சத்தம் தொடங்கிச் சிறிது நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். தலை சாய்ந்து கிடந்தது. பயந்து ஓடிப்போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு நோர்வேக் கிழவர் தன் குளிர்ச்சட்டையை அவர் மடியில் போர்த்திவிட்டிருந்தார்.

"இஞ்சை எல்லாற்றை கையிலையும் துவக்கு இருக்கு" என்றார் மாமி எழும்பியதும், வெட்கத்தோடு. "ஆனால் ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. எல்லாரும் அந்தக் கடுதாசியையே பாத்துக்கொண்டு நிக்கினம். நித்திரை வந்திட்டுது."

மாமாவுக்கோ சுடுவது பிடித்துவிட்டது. முப்பது வருடம் பஸ் ஓட்டிய கை அது, சலனம் இல்லாதது. ஓட்டை விழுந்த குறியட்டைகளைப் பள்ளிப்பிள்ளை புள்ளிப் பத்திரத்தைக் காட்டுவதுபோல எனக்குக் கொண்டுவந்து காட்டுவார். கிளப் அத்தாட்சி கொடுத்தது, பொலிஸ் அனுமதியும் வந்தது. அந்தத் தாளோடு கடைக்கு வந்தபோது எகில் அதே கேள்வியைக் கேட்டார்.

"காகிதத்தை" என்றார் மாமா.

எகில் அவரை நெடுநேரம் பார்த்தார். அன்றைக்கு அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. எகில் துணியை விரித்தார்.

அந்த நாளை நான் விரும்பி நினைப்பதுண்டு. துவக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்கிற தம்பிக்கு நான் சொல்லித்தரக்கூடிய தொழில் அந்த ஒரு பின்னேரத்தில்தான் இருக்கிறது. சின்னத்துவக்கின்மேல் மாமாவுக்கு ஆசை போயிருக்கவில்லை. அதைப் போக்க எகில், செயலிழக்கச் செய்து காட்சிக்கு வைத்திருந்த உள்ளங்கையளவு பழைய பிஸ்டல் ஒன்றை எடுத்தார். சின்னி விரல் அதற்குள்ளும் போனது. சுவரில் ஒரு செம்மஞ்சள் பொட்டு ஒட்டியிருக்கும். கண்ணை மூடிக் கையை அதை நோக்கி உயர்த்தச் சொல்வார், பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வார். திறந்த கண்ணுக்குக் குழலின்மேல் உள்ள முன்குறியும் பின்குறியும் தாமாகவே ஒரே கோட்டில் நின்றால் அந்தத் துவக்கு அந்தக் கைக்குரியது. கையைத் திருத்தித்தான் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சின்னதைப் பிடித்தபோது மாமாவின் சின்னி விரலுக்கும் மோதிர விரலுக்கும் பிடியில் இடமே இல்லை. முனை நிலத்தைப் பார்த்தது. "சின்னது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்" என்றார் எகில். "முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறையக் குறையக் கை செய்யும் சின்னப் பிழை தூரத்தில் பெரிதாகும். பாரம் குறைந்தால் உதை கூடும். பயந்துபோன மனிதன் கையில் இது சத்தம் மட்டும்தான்." நான் தமிழில் சொன்னேன். மாமா அதை மறுபடி மேசையில் வைத்த விதத்தில், பல மாத ஆசை ஒன்றையும் சேர்த்து வைத்தார்.

மூன்றைப் பிடித்துப் பார்த்து, கடைசியில் பழையதொன்று அமைந்தது. நீளக் குழல், சின்ன ரவை, மரப்பிடி, நல்ல பாரம். விசையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தோம். பிடி மட்டும் அவர் உள்ளங்கைக்குக் கொஞ்சம் தடிப்பு. மேசையில் வைத்து நானே அரம் போட்டேன். கொஞ்சம் உரசுவது, அவர் பிடித்துப் பார்ப்பது, கரி தடவி எங்கே முட்டுகிறது என்று பார்ப்பது, மறுபடி உரசுவது. மாமி பக்கத்தில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டை தைக்கிறவன் மாதிரி அளவெடுக்கிறாய்" என்றார். "சப்பாத்துக்குக்கூட இவர் இவ்வளவு நேரம் நிக்கமாட்டார்."

கண்ணை மூடித் திறந்தபோது மாமா சிரித்தார். குறிகள் கோட்டில் நின்றன.

இரும்பு அலுமாரியும் எங்களிடமே எடுத்தார். இலக்கம் அழுத்தித் திறப்பது, நிலத்தோடு ஆணி அடித்து இறுக்கியது. வெளியாட்கள் யாருக்கும் இலக்கம் தெரியக்கூடாது என்று அவருக்கு அழுத்திச் சொன்னேன். "எனக்கென்ன விசரே, வெளியாக்களுக்குச் சொல்ல?" என்றார்.

எங்கள் சனத்தின் வீட்டில் அப்படி ஓர் இரும்பு அலுமாரி இருப்பது சாதாரண விடயம் இல்லை. தேரன்று நடந்ததன் பிறகு எல்லோரும் நகையை அரிசி வாளிக்குள்ளும் குளிர்பெட்டிக்குள்ளும் ஒளித்துக்கொண்டிருந்த காலம். முதலில் தங்கை சுமதி தன் அட்டியலைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு சுமதியின் மச்சாள், பிறகு அயலில் உள்ள நாலைந்து குடும்பம். "அக்கா, உங்களிட்டை ஸ்காப் இருக்காமே" என்று, அலுமாரிக்கான நோர்வேச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். மாமி ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பை தைத்து, நூலால் பெயர் போட்டு வைத்தார். கல்யாணவீடு, பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு வந்தால் முதல்நாள் வந்து எடுப்பார்கள், முடிந்த மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார்கள். வந்தவர்கள் உடனே போவார்களா? தேத்தண்ணி, கதை, கல்யாணவீட்டுச் சீலையைப் பற்றிய விமர்சனம். வீட்டில் எந்த நேரமும் ஆள் இருந்தது.

மாமி பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார். ஒருநாள் நான் போனபோது மாமா வேலையில், மாமி தனியே குசினியில், வானொலியைப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "நேற்றுப் பின்னேரம் சோபாவிலை நித்திரையாய்ப் போனன்" என்றார், பெரிய சாதனையைச் சொல்வதுபோல. அது பெரிய சாதனைதான். தெருவில் இறங்கி நடந்தபோது, நான் படித்ததற்கும் அந்தத் தொழிலில் நின்றதற்கும் இது போதும் என்று நினைத்தேன்.

துவக்குச் சொந்தக்காரரின் வீட்டுக்குப் பொலிஸ் வந்து பூட்டிவைப்பைப் பார்ப்பது இங்கே வழமை. முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வருவார்கள். மாமா என்னையும் வந்து நிற்கச் சொன்னார். மாமி பெண்பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல ஏற்பாடு செய்திருந்தார். வீடு கழுவி, உழுந்துவடை சுட்டு, நல்ல கோப்பைகள் இறக்கியிருந்தன. அடுத்த நாள் ஒரு கல்யாணவீடு. அட்டியலை எடுத்துப் போகச் சுமதியும் வந்திருந்தார்.

பொலிஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் பெண், அவர்தான் மூத்தவர். மாமா தொலைபேசியில், லொறி குறுக்கே நிற்கிறது, கொஞ்சம் பொறுக்கச் சொல் என்றார். சொன்னேன். "நேரம் இருக்கிறது, காத்திருக்கிறோம்" என்றார் அந்தப் பெண் அதிகாரி. நான் குசினிக்குள் தட்டில் வடையை அடுக்கப் போனேன்.

வீட்டுக்கு வந்த அதிகாரிகளை வாசலோடு காக்க வைப்பது மாமிக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். "அவர் வரத் தேவையில்லை, வாருங்கள், நான் திறந்து காட்டுகிறேன்" என்று நோர்வே மொழியில் சொல்லும் குரல் கேட்டது. தட்டை வைத்துவிட்டு ஓடினேன். படியில் பாதி இறங்கும்போது இலக்கப் பொத்தான்களின் சத்தம் கேட்டது. கீழே காலை வைத்தபோது கதவு திறந்துவிட்டது.

மேல்தட்டு முழுக்கப் பெயர் போட்ட துணிப்பைகள். மாமி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சுமதியின் கையில் கொடுத்தார். அடியில் இருந்த துவக்குப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, தாம்பாளம் நீட்டுவதுபோல அதிகாரியிடம் நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தூசி துடைப்பேன்" என்றார்.

அந்தப் பெண் பெட்டியை வாங்கிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "இந்த இலக்கம் வேறு யாருக்குத் தெரியும்?"

"வெளியார் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு, என் வீட்டுக்காரருக்கு, என் தங்கைக்கு."

சுமதி தன் பங்குக்குத் தலையாட்டினார். "நான் வீட்டில் இல்லாத நேரம் யாராவது நகைக்கு வந்தால் இவள் திறந்து கொடுப்பாள்" என்று மாமி சேர்த்துச் சொன்னார், பெருமையாக.

மற்றப் பொலிஸ்காரர் பைகளைப் பார்த்து, இந்தத் தங்கம் யாருடையது, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். மாமி பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.

மாமா தோளில் பனியோடு உள்ளே வந்தபோது எல்லாம் மேசையில் பரப்பிக் கிடந்தது. துவக்கு ஒரு பக்கம், ரவைகள் ஒரு பக்கம், பைகள் ஒரு பக்கம்.

"ஆர் திறந்தது?"

"நான்தான். வந்த ஆக்களைக் காத்திருக்க வைக்கிறதே?" என்றார் மாமி. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தார். "என்னப்பா?"

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றவில்லை.

துவக்கை அன்றே கொண்டுபோனார்கள், அனுமதி ரத்தானது. அந்த அளவில் நின்றிருந்தால் ஒரு தண்டத்தோடு போயிருக்கும். ஆனால் ஏழு குடும்பத்துத் தங்கம் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரே வீட்டில் கிடப்பதைக் கண்ட எந்த நாட்டுப் பொலிசும் கேள்வி கேட்கும். களவுப்பொருளா என்று விசாரணை தொடங்கியது. நகை முழுக்க முத்திரையிட்டு எடுத்துச் செல்லப்பட்டது. சிங்கப்பூரில் வாங்கியது, தாய் போட்டு அனுப்பியது, இடப்பெயர்வில் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது, இவற்றுக்கெல்லாம் யாரிடம் சீட்டு இருக்கிறது? பெண்கள் கல்யாண அல்பங்களைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனார்கள். மணவறையில் தலைகுனிந்திருக்கும் தங்கள் கழுத்தை விரலால் தொட்டுக்காட்டி, இது என்னுடையது என்று நிரூபித்தார்கள். நான் மொழிபெயர்க்கப் போனேன். ஒருவர் மாமியின் முகத்துக்கு நேரே, "உன்னை நம்பினதுக்கு, செத்துப்போன மனுசன் எனக்குத் தாலி கட்டுற படத்தை அந்நியனுக்குக் காட்ட வைச்சிட்டியே" என்றார்.

கடைசியில் நகை முழுக்கத் திரும்பி வந்தது, ஒரு மூக்குத்தியும் குறையவில்லை. விசாரணை கைவிடப்பட்டது. அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது. அந்த வருடம் முழுக்க, சந்தேகநபர் என்பதால் ஆட்களை ஏற்றி ஓட்டும் அனுமதி மாமாவுக்கு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. தேத்தண்ணிக்கும் வரவில்லை. சுமதிகூடப் புருசன் ஏசுகிறார் என்று நின்றுவிட்டார். வெறும் அலுமாரி கீழறையில் ஆணியடித்தபடி நின்றது. மாமி கதவருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தும் குளிர்ச்சட்டையும் போட்டபடி உட்கார்ந்திருக்கத் தொடங்கினார். மாமா கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும் நேரத்துக்குக்கூட.

எகில் ஒரு தடவைதான் அதைப் பற்றிக் கேட்டார். "அவருக்கு விளக்கமாகச் சொன்னாயா?"

"சொன்னேன்."

"உங்கள் மொழியிலா?"

"ஓம். வெளியாட்களுக்குத் தெரியக்கூடாது என்று சொன்னேன். அவர் வெளியாட்களுக்குச் சொல்லவில்லை."

எகில் கொஞ்ச நேரம் பச்சைத் துணியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு பின்னறைக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். அவர் தடுக்கவில்லை.

ஆகவே தம்பி, பொக்கற்றுக்குள் வைக்கச் சின்னதொன்று கேட்டு வருகிறவருக்குக் குழலின் நீளத்தையும் பிடியின் அளவையும் பிறகு சொல். முதலில் அவர் வீட்டில் யார் தனியே இருக்கிறார் என்று கேள். பயம் வாங்க வந்தவருக்கா, வீட்டில் இருக்கும் ஆளுக்கா என்று பார். இந்தச் சட்டத்தின் கண்ணில் பெண்சாதியும் அந்நியம்தான் என்று முகத்துக்கு நேரே சொல். அவர் கோபித்துக்கொண்டு போவார், போகட்டும். அதற்குமேல் என்ன சொன்னால் அந்த மனிதர்கள் தப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் அந்த மேசையிலேயே நின்றிருப்பேன்.

அவர்கள் இப்போது பாட்ஸ்பியோர்ட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் இனி இருக்க முடியாமல், அதை வந்த விலைக்கு விற்றுவிட்டு, மாமா ஐம்பத்தேழு வயதில் தான் முதலில் வேலை தொடங்கிய மீன்தொழிற்சாலைக்கே திரும்பப் போனார். மாமியும் அவருக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிறார். சம்பளத்துக்காகப் போகவில்லை, அறையில் தனியே இருக்க முடியாமல் போகிறார். தொழிற்சாலைக் கத்தி பிடித்துப் பழக்கமில்லாத கை, விரல்களில் எப்போதும் பிளாஸ்ரர். தாலிக்கொடியை எடுத்தவர்கள் பிடிபடவில்லை.

போன கிழமை மாமாவோடு கதைத்தேன். கணக்குப் பார்த்து வைத்திருந்தார். துவக்கு, அலுமாரி, கிளப் பணம், தண்டம், சட்டத்தரணி, ஓட்டாமல் இருந்த வருடத்துச் சம்பளம், வீடு விற்றதில் விழுந்த நட்டம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில், "எழுதுறதெண்டால் இதையும் எழுது தம்பி" என்று, தன் ஒன்றரை வருடச் சம்பளத்துக்குச் சமமான கூட்டுத்தொகையைச் சொன்னார்: ஏழு லட்சத்து நாற்பதாயிரம் குரோனர்.